பார்த்தவர் பெயர்

ஓசனிச்சிட்டு இங்கே வருமா என்று
புது மேனேஜர் கேட்கிறார்.
கைபேசியில் படம் வைத்திருக்கிறார்:
கழுத்தில் கல் பதித்த மாதிரி மின்னுகிற ஒன்று
பூவுக்கு முன்னால் காற்றில் ஆணியடித்து நிற்கிறது.
இந்தக் கரைக்கு அது வராது சார்,
அது வேறு கண்டம்.
இங்கே வருவது சாம்பல்.

சாம்பலை எப்படி அடையாளம் காண்பது என்று
அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வாலிநோக்கம் உப்பளம், வடக்கு மூலைத் தேக்கம்.
ஓதம் ஏறிச் சேறு மூழ்கியதும்
கரைப்பறவைகள் வந்து ஒதுங்கும் இடம்.
எல்லாம் காற்றைப் பார்த்து,
அலகை முதுகில் செருகி, ஒற்றைக்காலில்,
ரேஷன் கடை திறக்காத காலைபோல.

முதலில் கொசு உள்ளானைக் கழிக்க வேண்டும்.
பிறகு மண்கொத்தி. அது ஓடும், நிற்கும், ஓடும்,
எதையோ வைத்துவிட்டு வந்த மாதிரி.
வளைமூக்கு உள்ளான் ஏமாற்றும்.
அதற்கும் அலகு வளைவு, அதற்கும் இடுப்பு வெள்ளை.
பக்கத்தில் இருந்தால் தெரியும்,
எடையில் இதன் பாதிகூட வராது.
மிச்சம் நிற்பது,
நெஞ்சு கனத்து,
அலகு தலையைவிட நீண்டு, நுனி கொஞ்சம் தணிந்து,
அதுவாக இருக்கலாம்.

பெரிய உள்ளான் என்று எழுதிவைத்திருக்கிறேன்.
தமிழில் அதன் பெயர் இன்னும் படியவில்லை.
உலகத்தில் அது குறைந்துகொண்டே வருகிறது.
வடக்கே போகும் வழியில் மஞ்சள் கடலோரம்
அது இறங்கித் தின்னும் சேற்றைச்
சுவர் வைத்து அடைத்துவிட்டார்களாம்.

பங்குனி பிறந்து பத்து நாள்.
நெஞ்சில் கறுப்பு இறங்கியிருந்தது,
எழுதாத பேனாவை உதறிய மாதிரி.
தொலைநோக்கியில் கானல் ஆடியது.
கறுப்பா, நிழலா?
இதுவா, இதன் சின்னப் பங்காளி சிவப்பு உள்ளானா?
பங்காளிக்கு இடுப்பு அழுக்குச் சாம்பல், இதற்கு வெள்ளை.
ஆனால் இடுப்பு தெரிய
அது பறக்க வேண்டும்.

ஒரு கைதட்டு போதும்.

நான் தட்டவில்லை.
உப்புநீரில் டிகிரி பார்ப்பது என் வேலை.
எது எவ்வளவு ஆவியாகிறது என்று
நாள் முழுக்கக் குறிப்பவன்.
அந்த நெஞ்சுக்குள் சேர்ந்திருக்கும் கொழுப்பு
சைபீரியா வரைக்கும் எண்ணிவைத்த கூலி.
என் நோட்டுப் புத்தகத்துக்காக
அதில் ஒரு ரூபாய் எடுக்க மனசு வரவில்லை.

ஒரு மணி நேரம் குத்தவைத்திருந்தேன்.
பூட்ஸுக்குள் வியர்வை உப்பாகிக்கொண்டிருந்தது.
பாத்தியில் பலகை இழுத்துக்கொண்டிருந்த பூரணவல்லி
ரெண்டு தடவை பார்த்தாள்,
மூன்றாவது தடவை சிரித்தாள்.

பிறகு சீனிஉதுமானின் டிப்பர்
ஹாரன் அடித்துக்கொண்டே வரப்பில் திரும்பியது.

தேக்கம் முழுக்க எழுந்தது.
ஒரு புரட்டு, கறுப்பு. மறு புரட்டு, வெள்ளி.
நான் அப்போது
கண்ணாடியில் படிந்த உப்பைச்
சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"போச்சா?" என்றாள்.
போச்சு.
"அந்தக் குண்டுப் பயலத்தானே பாத்துக்கிட்டிருந்தீங்க?
இடுப்புல வெள்ளை கெடந்துச்சே.
கொடியில காயப்போட்ட கைக்குட்டையாட்டம்.
நெஞ்செல்லாம் புள்ளி."
எத்தனை?
"ஒண்ணு."
ஒன்றுதானா?
"பாத்ததத்தானே சொல்ல முடியும்."

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
ஆறு வருடமாக அதில் என் பெயரை
யோசிக்காமல் எழுதிவந்திருக்கிறேன்.

இனம்: பெரிய உள்ளான்.
எண்ணிக்கை: 1.
பார்த்தவர்: மு. பூரணவல்லி,
உப்பளத் தொழிலாளி, தினக்கூலி.

குறிப்பு என்ற இடத்தில்
கைக்குட்டையை அப்படியே எழுதினேன்.